சொந்த மாமாவா, சும்மா அங்கிளா

மகளுக்கு அக்குளில் முதல் கட்டி வந்தபோது அவள் இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசியால் சில குழந்தைகளுக்கு இப்படி வீங்கும், தானாக வற்றிவிடும் என்றார்கள். வற்றியது. மறுபடி வந்தது, பழுத்து உடைந்தது. அதன்பிறகு கழுத்தில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று. சூட்டு உடம்பு என்று சிங்கப்பூர்த் தேக்காவில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். காய்கறிக் கடைக்காரர் இளநீர் கொடுக்கச் சொன்னார், பூக்கார அக்கா வெந்தயம் ஊறவைக்கச் சொன்னார், நகைக்கடையில் வேலை பார்ப்பவர் எதற்கும் ஒரு தடவை மந்திரிச்சுப் பாருங்க என்றார். சிராங்கூன் சாலையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தால் அரை வைத்தியராகத் திரும்பி வரலாம்.

மூன்று வயதில் கல்லீரலில் சீழ் கட்டியது. சாதாரணமாகத் தோலில் பரு உண்டாக்கும் கிருமி அது, கல்லீரல்வரை போய் உட்கார்ந்திருந்தது. மருத்துவமனையில் வாரக்கணக்கில் கிடந்தோம். எனக்கும் அந்த வார்டின் நாற்காலிக்கும் நல்ல பழக்கம் ஏற்பட்டது. அங்கேதான் ஒரு டாக்டர் வந்து, சீனப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும், புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும் என்றார். முடிவு வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

அவர் சொன்னது எனக்குச் சட்டென்று புரிந்தது, அது ஒன்றும் கடினமில்லை. உடம்புக்குள் கிருமி நுழைந்தால் ரத்தத்தில் உள்ள ஒருவகை வெள்ளணு ஓடிப்போய் அதை விழுங்கும், விழுங்கியதைக் கொல்லும். என் மகளின் வெள்ளணு விழுங்கும், கொல்லாது. பூனை எலியைப் பிடித்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் வைத்துக்கொண்டே நிற்கிற மாதிரி. பிறவியிலேயே வந்த குறை, பெற்றோர் வழியாக வருவது. எலும்பு மஜ்ஜையை மாற்றினால் குணமாகும், மாற்றும்வரை தினமும் மருந்து, மருந்தையும் மீறி எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு டாக்டர் பேனாவை எடுத்தார்.

“ஆர் யூ டூ ரிலேட்டட்?” என்று கேட்டார்.

என் கணவர் சிரித்தே விட்டார். “நோ லா டாக்டர். அரேஞ்ச்டு மேரேஜ்.”

நானும் தலையாட்டினேன்.

பையன்களுக்குத்தான் இது அதிகம் வரும், பெண் குழந்தைக்கு வந்தால் அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வந்திருக்கவேண்டும், அதனால்தான் கேட்கிறேன் என்றார் டாக்டர். பக்கத்திலிருந்த தாதி, “கசின்ஸ்?” என்று எடுத்துக் கொடுத்தார். சீச்சீ என்று எனக்கு உடம்பு கூசிப்போனது. கசின் என்றால் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். அண்ணன் தங்கை முறை. அதைப் போய் யாராவது கட்டிக்கொள்வார்களா? பிறகு மரபணுப் பரிசோதனை முடிவு வந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் அச்சு அசலாக ஒரே பிழை வந்திருக்கிறது, நிச்சயமாகச் சொந்தமில்லையா என்று மறுபடி கேட்டபோது, கணவர் பொறுமையாக விளக்கினார். “ரெண்டும் வேற வேற ஃபேமிலி டாக்டர். அவங்க வீடு ஈசூன், எங்க வீடு பாசிர் ரிஸ்.”

இதைப் படிக்கிற தமிழருக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். என் கணவர் என் சொந்த அத்தை மகன். அப்பாவின் உடன்பிறந்த அக்கா பெற்ற பிள்ளை. நான் பேசப் பழகும்போதே ‘மச்சான்’ என்று கூப்பிட்டது அவரைத்தான்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. இதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அந்த டாக்டர் இதே கேள்வியைத் தமிழில், “சொந்தத்துல கட்டினீங்களா?” என்று கேட்டிருந்தால், இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஆமாம், சொந்தம்தான், அத்தை மகன்தான் என்று பெருமையாகவே சொல்லியிருப்போம். ஆங்கிலத்தில் கேட்டதும் அது வேறு கேள்வியாகிவிட்டது. ரிலேட்டட் என்றால் ரத்த உறவு, ரத்த உறவு என்றால் பங்காளி. மாமன் வீடு என்பது பெண் கொடுக்கிற வீடு, பெண் எடுக்கிற வீடு. அதை யார் ரத்தம் என்று நினைத்தார்கள்? இத்தனைக்கும் என் தொழிலே மொழிபெயர்ப்பு. நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “யுவர் ஆனர், இவர் சொல்லும் அங்கிள் தாய்மாமனா, அப்பாவின் தம்பியா என்று தெளிவுபடுத்த அனுமதி வேண்டும்” என்று கேட்கிறவள் நான். என் வீட்டுக் கதைக்கு வந்தபோது யாரும் அனுமதி கேட்கவில்லை.

எங்கள் மூத்த மகனைப் பரிசோதித்தார்கள். அவனுக்கு நோய் இல்லை, ஆனால் மஜ்ஜை தங்கைக்குப் பொருந்தவில்லை. பெற்றோர் வழக்கமாகப் பாதிதான் பொருந்துவார்கள், எங்களைத் தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். தானம் செய்ய முன்வந்தவர்களின் பதிவேட்டில் தேடினார்கள். முழுதாகப் பொருந்துகிறவர் ஒருவரும் இல்லை. நம் ஆட்கள் அதில் பெயர் கொடுத்திருப்பதே குறைவாம். அன்று முதல் எனக்கு ஒரே நினைப்புதான்: முழுதாகப் பொருந்தும் ஓர் ஆள். சாலையில் நடக்கிற தமிழர் ஒவ்வொருவரையும் அந்தக் கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் என் மகள் முகம் மாதிரி இருந்தால், முகத்துக்கும் மஜ்ஜைக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும், அவர் இறங்கும்வரை விடாமல் பார்த்துக்கொண்டே வருவேன்.

ஆள் கிடைக்கும்வரை மண் ஆகாது, அதிலிருக்கும் பூஞ்சை நுரையீரலில் போய் உட்கார்ந்துவிடும் என்றார்கள். மண், காய்ந்த இலை, வைக்கோல், உரம், குட்டைத் தண்ணீர். சிங்கப்பூரில் மண்ணே இல்லை என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். ஒவ்வொரு அடுக்குமாடிப் புளோக்கின் கீழும் புல்வெளி, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் மக்கிய இலையும் மரத்தூளும் கொட்டி வைத்திருக்கிறார்கள். மழை பெய்து ஓய்ந்தால் அந்த ஈரமண்ணில் வேறு ஒரு பொல்லாத கிருமி மேலே வரும் என்று டாக்டர் சொன்னபிறகு, மழை நாட்களில் மகளைத் தூக்கிக்கொண்டே பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். பொங்கல் சமயத்தில் தேக்காவில் மாடும் வைக்கோலும் கொண்டுவந்து வைப்பார்கள், அந்த மாதம் முழுவதும் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பாலர் பள்ளியில் கிராஞ்சிப் பண்ணைக்கு எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிப்போனார்கள், இவளை மட்டும் நான் வீட்டில் நிறுத்தினேன். ஆட்டுக்குப் புல் கொடுக்கப் போகிறேன் என்று ஒரு வாரமாக ஆடு மாதிரியே கத்திக்கொண்டிருந்தவள், அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

திருநீறு பூசலாமா என்று ஒருமுறை டாக்டரிடம் கேட்டேன். அது எதில் செய்வது என்றார். சொன்னேன். அந்த அம்மாள் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். சுட்ட சாம்பல்தான் என்று நான் எவ்வளவு எடுத்துச் சொல்லியும், மெதுவாக, “மே பி நாட்?” என்றார். சாமி கோபித்துக்கொள்ளாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இதற்கு நடுவே நான் சண்டைக்காரி ஆனேன். முன்பும் கொஞ்சம் உண்டு என்று கணவர் சொல்வார். ஒரு காலையில் புளோக்கின் கீழே புல்வெட்டும் ஊழியர் ஒருவர் முதுகில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு காய்ந்த இலையையெல்லாம் ஊதிக்கொண்டிருந்தார். தூசி எங்களை நோக்கி வந்தது. மகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, “கண்ணு தெரியலையா? பிள்ளை வர்றது தெரியல?” என்று கத்தினேன். அவர் உடனே அணைத்தார். “தெரியலக்கா, மன்னிச்சுக்கங்க. நீங்க போனப்புறம் போடுறேன்,” என்றார் திருச்சிப் பக்கத்துத் தமிழில். நாங்கள் பேருந்து ஏறும்வரை அந்த இயந்திரத்தைச் சுமந்தபடி வெயிலில் நின்றார். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனால் திரும்பிப்போய் எதுவும் சொல்லவில்லை.

நாலரை வயதில் மறுபடி கழுத்தில் கட்டி, மறுபடி வார்டு. இந்த முறை மருந்து சரியாகப் பிடிக்கவில்லை. டாக்டர் பாதி பொருத்தத்தோடு மாற்றுவதைப் பற்றி, அதில் உள்ள ஆபத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். மதியம் என் அப்பா வந்தார். ஈசூனிலிருந்து தேக்காவுக்குப் போய், பேத்திக்குப் பிடிக்கும் என்று சுடச்சுட இடியாப்பம் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து வந்திருந்தார். வெளிச் சாப்பாடு கூடாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

“வாங்க மாமா, உக்காருங்க,” என்று கணவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். டாக்டர் அந்த நேரம் கட்டிலருகே இருந்ததால், மரியாதைக்கு, “டாக்டர், மை அங்கிள்” என்று அறிமுகப்படுத்தினார்.

டாக்டர் புன்னகைத்தார். அப்பாவை என் அப்பாவாக அவர் முன்பே பார்த்திருக்கிறார். “மனைவியின் அப்பாவை அங்கிள் என்றா கூப்பிடுவீர்கள்? நம் ஊரில் எல்லாருமே அங்கிள்தான், டாக்ஸி அங்கிள், கோப்பி அங்கிள்,” என்றார் ஆங்கிலத்தில்.

கணவருக்கு அது உறைத்துவிட்டது. தாய்மாமனை டாக்ஸி அங்கிளோடு சேர்ப்பதா? “நோ நோ டாக்டர். ரியல் அங்கிள். மை மதர்ஸ் ஓன் பிரதர்,” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

டாக்டரின் கை மகளின் கழுத்தில் இருந்தபடியே நின்றது. “இவர் உங்கள் அம்மாவின் தம்பி.”

“எஸ்.”

“உங்கள் மனைவியின் அப்பா.”

“எஸ்.”

“ஒரே ஆள்.”

“எஸ், லா,” என்றார் கணவர், இதில் என்ன புரியவில்லை என்கிற மாதிரி.

எனக்கு அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. அப்பா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்து, “என்னம்மா, டாக்டர் ஏன் ஒரு மாதிரி பாக்குறாங்க? இடியாப்பத்துக்குத் திட்டுவாங்களா?” என்றார்.

டாக்டர் திட்டப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். படித்தவர்கள் இப்படிச் செய்யலாமா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் திருப்பிக் கொடுக்க எனக்கு வாயில் நாலு வார்த்தை தயாராக இருந்தது. அவர் கேட்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, உங்கள் குடும்பத்தில் வேறு யார் இப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்கச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அப்பாவுக்கு ஒரே குஷி. அவருடைய அம்மாவே தாய்மாமனைக் கட்டியவர் என்றார். கட்டாதவர்களைக் கேட்டால் சீக்கிரம் சொல்லிவிடலாம் என்றார். எங்கள் வீட்டுக் கல்யாணக் கதையை இவ்வளவு ஆவலாக வேறு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு டாக்டர் சொன்னார். ஒரே குடும்பத்துக்குள் கட்டிக்கட்டித்தான் இந்தப் பிழை இரண்டு பக்கமும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் அதே காரணத்தால் மஜ்ஜையும் குடும்பத்துக்குள்ளேயே பொருந்த வாய்ப்பு உண்டு. அத்தை, மாமா, அவர்கள் பிள்ளைகள், பெற்றோர், எல்லாரையும் பார்க்கவேண்டும், நாளைக்கே ஆரம்பிக்கலாம். அவர் எழுந்து வெளியே போகும்போது கிட்டத்தட்ட ஓடினார்.

அப்பாவிடம் முழுவதையும் மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். கடைசியில் சொன்ன நல்ல செய்தி அவருக்குக் கேட்கவே இல்லை. முதல் பாதியிலேயே நின்றுவிட்டார். “நான்தானம்மா கட்டி வச்சேன்,” என்றார். கையில் இடியாப்பப் பொட்டலம் அப்படியே இருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. “நீங்க கட்டி வைக்கலப்பா. வெளியில ரெண்டு மாப்பிள்ளை பாத்தீங்க. அத்தை மகன்தான் வேணும்னு நான் கேட்டேன், நீங்க குடுத்தீங்க. அவ்வளவுதான்,” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் சொன்னது உண்மை. இன்றைக்குக் கேட்டாலும் நான் அந்த ஆளைத்தான் கட்டுவேன்.

எல்லாரையும் பரிசோதித்தார்கள். அத்தைக்குப் பாதி, எனக்குப் பாதி, அப்பாவுக்கும் பாதிதான். கணவருக்கு முழுதாகப் பொருந்தியது. டாக்டர் வண்ணப் பேனாவால் வரைந்து காட்டினார். பிள்ளை என்னிடமிருந்து பாதியும் அவரிடமிருந்து பாதியும் வாங்கியிருக்கிறாள். என்னிடமிருந்து வாங்கிய பாதி அவரிடமும் இருக்கிறது, இரண்டு பேருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்தது. ஆக மொத்தத்தில் பிள்ளை அப்படியே அவள் அப்பா. சுமந்தது நான், தூக்கம் கெட்டது நான், கடைசியில் பார்த்தால் நூற்றுக்கு நூறு அவர் சாயல். சிரித்துக்கொண்டே அழுதேன். தாதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கணவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். பத்து மாடி ஆழக் குழிக்குள் கயிற்றில் தொங்கி வேலை செய்வார், ஆனால் ஊசி என்றால் கண்ணை மூடிக்கொள்வார். “என் இடுப்பெலும்புலயா ஊசி போடுவாங்க? முழுசாவா?” என்று நாலு தடவை கேட்டார். “இல்ல மச்சான், பாதி ஊசி போடச் சொல்லியிருக்கேன்,” என்றேன். அன்று காலையில் அவரைத் தள்ளிக்கொண்டு போனபோது அவர் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

மாற்றுச் சிகிச்சையைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. முதலில் மருந்து கொடுத்து அவளுடைய பழைய மஜ்ஜையை அழித்தார்கள். முடி கொட்டியது, வாயெல்லாம் புண், தண்ணீர் குடிக்கவே அழுதாள். அவள் அப்பாவின் மஜ்ஜை ஒரு பையில் வந்தது, சாதாரணமாக ரத்தம் ஏற்றுவது மாதிரி ஏற்றினார்கள். அதன்பிறகு தனி அறை, காத்திருப்பு. ஒரு நாள் டாக்டர் வந்து, புதிய அணுக்கள் பிடித்துவிட்டன, அவை விழுங்குகின்றன, கொல்லவும் செய்கின்றன என்றார். நான் நன்றி என்று சொல்லியிருப்பேன் என நினைக்கிறேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை. காகிதத்தில் வருவதெல்லாம் காகிதத்தில் வருவதுதான், பிள்ளைக்கு ஒன்று வந்து பார்த்தால்தானே தெரியும்?

அது வருவதற்கு இரண்டு வருடம் ஆயிற்று. மருந்தெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தி, தடுப்பூசிகளைப் புதிதாகப் போட்டு, இனி இவள் மற்றப் பிள்ளைகளைப் போல என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தொடக்கநிலை ஒன்று சேர்ந்து, பள்ளியில் யாரோ தும்மியதை வாங்கிக்கொண்டு வந்து, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் கொதிக்கிற உடம்போடு சோபாவில் சாய்ந்தாள். கழுத்தைத் தடவிப் பார்த்தேன், அக்குளைப் பார்த்தேன், வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். மருத்துவமனைக்குத் தேவையான சாமான்களைப் பையில் போட்டுவிட்டு அங்கே அழைத்தேன். பேசிய தாதி, பக்கத்து கிளினிக்கில் காட்டுங்கள், போதும் என்றார். நான் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று திரும்பக் கேட்டேன். போதும் என்றார்.

எங்கள் புளோக்கின் கீழே உள்ள கிளினிக்கில் புது டாக்டர், சின்னப் பையன் மாதிரி இருந்தார். தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்தார். “ஜஸ்ட் எ கோல்ட், மம்மி,” என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. கல்லீரல், கழுத்து, மஜ்ஜை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். ரத்தம் எடுங்கள், எக்ஸ்ரே எடுங்கள், ஆன்டிபயாட்டிக் எழுதுங்கள் என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கணினியில் அவளுடைய பழைய விவரங்களைப் படித்தார். இன்னொரு தடவை, முன்பைவிட நிதானமாக, நெஞ்சையும் வயிற்றையும் கழுத்தையும் பார்த்தார். பிறகு, “இவ்வளவு நடந்திருக்கிறது, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது சளிக் காய்ச்சல்தான். ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. திங்கட்கிழமைவரை விடவில்லையென்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள்,” என்றார். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். இவனுக்கு என்ன தெரியும் என்று மின்தூக்கி முழுக்கத் திட்டிக்கொண்டே போனேன்.

சனிக்கிழமை முழுவதும் அவள் தூங்கினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பையைப் பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் வேலைக்குப் போயிருந்தார், ஏதோ ஒரு புளோக்கில் மின்தூக்கி நின்றுவிட்டதாம். நான் நெற்றியில் கைவைத்தபோது ஈரமாக இருந்தது. சட்டை நனைந்திருந்தது. கழுத்தில் கட்டி இல்லை, வேறு எங்கும் இல்லை. அவள் கண்ணைத் திறந்து, “மா, பசிக்குது. மீ கோரெங் இருக்கா?” என்றாள்.

கணவரை அழைத்தேன். பின்னால் இரும்புச் சத்தம் கேட்டது. “என்னாச்சு? ஆஸ்பத்திரிக்குப் போறியா? நான் வந்துர்றேன்,” என்றார்.

“காய்ச்சல் விட்டுருச்சு.”

“என்ன ஆன்டிபயாட்டிக் குடுத்தாங்க?”

“ஒன்னும் குடுக்கல,” என்றேன். “ஒன்னுமே குடுக்கல மச்சான். தானா விட்டுருச்சு.”

இரும்புச் சத்தம் நின்றது. அவர் அழுவது எனக்குக் கேட்டது.